ஈரம் போகாத நீலம்

பதினோராவது முறையும்
பழுப்புச் சேறுதான் வந்தது.
குறிப்பேட்டில் 'தோல்வி' என்று எழுதக் கூச்சப்பட்டு
'மீண்டும் செய்க' என்று எழுதினேன்,
முந்தைய பத்து முறையும் எழுதியதைப் போலவே.

செய்முறை சுலபம்.
சோப்புக் கரைசலில்
செம்பு உப்பைச் சொட்டுச் சொட்டாக விட
பால் திரிவதுபோல் திரிந்து
நீலப்பச்சையாய் வண்டல் இறங்கும்.
காப்பர் மிரிஸ்டேட்.
ஒவ்வொரு செம்புக்கும் இரண்டு வால்,
வாலுக்குப் பதினான்கு கரி.
வடிகட்டி, கழுவி, உலர்த்தி,
நைட்ரஜன் ஓட
எண்ணெயில் சூடாக்க வேண்டும்.
வால் அறும்.
அறுந்த செம்புகள் ஒன்றையொன்று தேடிக்
கூடி உருளும்.
போன வால்களே திரும்பி வந்து
அந்த உருண்டையைப் போர்த்திக்கொள்ளும்,
போதும், இதற்கு மேல் வளராதே என்று.

காகிதத்தில் இப்படி.
ஃபிளாஸ்க்கில் சேறு.

மிரிஸ்டிக் என்ற பெயர்
ஜாதிக்காயிலிருந்து வந்ததாம்.
போன ஞாயிறு ஆர்ச்சர்ட் சாலையில்
செருப்பு வாங்கப் போனபோது நினைத்துக்கொண்டேன்:
இங்கேதான் வரிசை வரிசையாய் ஜாதிக்காய் மரங்கள் நின்றன.
நோய் கண்டு,
சில ஆண்டுகளில் பட்டுப்போயின.
நட்டவர்களும் எழுதியிருப்பார்களோ
மீண்டும் செய்க என்று?
என் புட்டியில் இருப்பது எந்த மரத்துக் கொழுப்போ,
பெரும்பாலும் செம்பனையாக இருக்கும்.
செருப்பு கடித்தது.
திருப்பிக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
பேராசிரியர் கோ ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காமலிருப்பது அவர் வழக்கம் அல்ல.
செப்டம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது.

ஹஸ்லினாதான் கேட்டாள்,
பைப்பெட் நுனிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே:
"பொடியை எத்தனை நாள் காயவைக்கிறாய்?"
"ஒரு ராத்திரி."
அவள் சிரிக்கவில்லை,
ஜன்னலை மட்டும் பார்த்தாள்.
எதிர் புளோக்கில் மூங்கில் கழிகளில்
மூன்று நாள் மழைக்குத் தப்பிய சட்டைகள்
வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

எனக்கு உடனே விளங்கிவிட்டது.
ஏழாவது மாடியில்
நாற்காலி முதுகில் தொங்கும் என் ஜீன்ஸ்.
தொட்டால் காய்ந்ததுபோலிருக்கும்,
போட்டால்
இடுப்புப் பட்டியில் மட்டும் சில்லென்று.

என் பொடியும் அப்படித்தான் பொய் சொன்னது.
மாவுபோல் உதிர்ந்தது,
கண்ணாடியில் ஒட்டவில்லை,
எல்லாம் சரி என்றது.
உள்ளே ஒரு வாய் தண்ணீரை
ஒளித்துவைத்திருந்தது.
இந்தத் தீவில்
காய்ந்த எதையும் இரண்டாம் முறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

நான்கு நாள் வெற்றிடத்தில் வைத்தேன்.
எடை குறைந்துகொண்டே போனது,
ஐந்தாம் நாள் நின்றது.

நூற்றெண்பது பாகையில் பச்சை.
இருநூற்றிருபதில் வெளிறி
பால் விடாத, யாரோ மறந்துபோன தேநீர்.
இருநூற்று நாற்பதில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
ஹஸ்லினா பஸ்ஸுக்குக் கிளம்பிப் பையை மாட்டினாள்.
அப்போது அடியிலிருந்து
ஒரு சிவப்பு ஏறிற்று,
கோப்பிக்கடையில் ஐஸ் போட்டுத் தரும்
ரிபேனாவின் சிவப்பு.
அவள் பையைக் கழற்றி வைத்தாள்.
இருவரும் பேசவில்லை.
அடுப்பின் காந்தக்கட்டி மட்டும்
டக் டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

ஊசியில் இரண்டு துளி எடுத்துக்
குப்பியில் விட்டேன்.
படம் எடுத்தாள், கைகுலுக்கினாள்,
தன் பஸ்ஸைத் தவறவிட்டதற்கு என்னைத் திட்டினாள்.
குப்பிக்கு மூடி போட
இருவருக்குமே தோன்றவில்லை.
திரும்பிப் பார்க்கையில்
விளிம்பில் மெல்லிய பச்சை வளையம்.
காற்று தன் பங்கைக்
கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டது.

ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்தது, சிவப்பாகவே.
தேதி போட்டேன்.
வெப்பம், நேரம், எடை, வெளியே மழை.
கீழே எழுதினேன்:
மீண்டும் செய்க.
ஒருமுறை வந்ததை யாரும் நம்பமாட்டார்கள்,
நான் உட்பட.

வீட்டுக்குப் போய்
ஜீன்ஸின் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் ஈரம்.